திரும்பி வராத பெர்மிட்

என் நண்பர் ஒருவர் எழுதி வைத்திருந்த கடிதங்களை அவருக்குத் தெரியாமல் படித்தேன். படித்ததோடு நிற்காமல், அதில் ஒரு பகுதியை டீக்கடையில் நாலு பேர் முன்னால் ஒப்பித்தேன். மனிதனுக்கு அந்தரங்கம் எவ்வளவு முக்கியம் என்று நிரூபிப்பதற்காக அப்படிச் செய்தேன். இதில் கடைசி வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

நடந்தது 2017இல். அனல்மின் நிலையத்தில் கருவிகள் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியராக இருந்து நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். நகரியத்துக்குள் முப்பத்தைந்து வருடம் கரண்ட் போவது என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்ந்துவிட்டு, வேலியைத் தாண்டி வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டிக் குடிவந்த முதல் வாரமே மெழுகுவத்தி வாங்கினோம். நாடு முழுவதற்கும் கரண்ட் தயாரித்து அனுப்பியவன் இருட்டில் தீப்பெட்டி தேடினேன்.

நண்பரும் அப்படி வந்தவர்தான். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். வேலையில் அவர் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர், நான் பராமரிப்பு. எங்கள் இருவருக்கும் நடுவே முப்பது வருடமாக இருந்தது பெர்மிட் என்கிற ஒரு தாள்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மின் நிலையத்தில் பழுது பார்க்கிறவன் தானாகப் போய் ஓர் இயந்திரத்தில் கை வைக்க முடியாது. ஆபரேட்டரிடம் பெர்மிட் எழுதி வாங்க வேண்டும். எந்த இயந்திரம், என்ன வேலை, எத்தனை மணி வரை என்று அதில் இருக்கும். அவர் இயந்திரத்தை நிறுத்தி, சுவிட்சில் 'ஆட்கள் வேலையில், இயக்காதே' என்ற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். தாளில் எழுதாத ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது திரும்பி வரும்வரை யார் வந்து கேட்டாலும் இயந்திரம் ஓடாது. ஷிப்ட் மாறினால் நீட்டிப்புக்கு மறுபடி கையெழுத்து. முப்பது வருடம் அவர் கொடுத்தார், நான் வாங்கினேன். ஒரு நாள்கூட நான் தாளை மீறியதில்லை. வேலையில் இருந்தவரை.

எங்கள் தெருமுனையில் பாய் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். வெளியே இரண்டு பெஞ்சு. சாயங்காலம் நாலரைக்கு ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் கூடுவோம். வீட்டில் "டூட்டிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். டூட்டி என்பது நாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வது.

நண்பர் டெல்லியில் ஆள்பவர்கள் பக்கம். அவர்கள் எது செய்தாலும் சரி என்பார். நான் அவர்கள் எது செய்தாலும் தப்பு என்பேன். அதற்கு முந்தைய ஆட்சியில் நாங்கள் இருவரும் இதே வேலையை இடம் மாற்றிச் செய்துகொண்டிருந்தோம். யாரும் யாரையும் மாற்றியதில்லை. ஆறரை மணிக்கு டம்ளரை வைத்துவிட்டுச் சேர்ந்தே நடந்து வீட்டுக்கு வருவோம்.

அரசியலுக்கு அடுத்து என் இரண்டாவது மதம் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எனக்கு அது போதும். வேலையில் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கண்ட்ரோல் பேனலுக்கு உள்ளமைப்பு டிராயிங் தரமாட்டோம் என்று செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெட்டி பழுதானபோதெல்லாம் நாங்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். அன்றிலிருந்து டிராயிங் இல்லாத எதையும் நம்புவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

"சார், என் வூட்டுக் கம்ப்யூட்டர் பாட்டு பாடுது, ரயில் டிக்கெட் போடுது. அதுக்கு டிராயிங் எதுக்கு?" என்பார் நண்பர்.

"நாளைக்கு நின்னு போச்சுன்னா?"

"நீங்க எதுக்கு இருக்கீங்க?"

மூன்றாவது மதம் அந்தரங்கம். இணையத்தில் நம்மை எல்லோரும் வேவு பார்க்கிறார்கள் என்று நான் படித்திருந்தேன். மடிக்கணினியின் கேமராவை மூடி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஒட்டக்கூடியதாக இருந்தது மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. அரக்கு நிறம், பெரிய சைஸ். ஒட்டிவிட்டேன்.

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சாச்சு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு முழம் பூவும் வெச்சிடுங்க" என்றாள் மனைவி.

அவளுக்கு என் கொள்கைகளில் மரியாதை குறைவு. ஒருமுறை நெல்லிக்குப்பத்தில் ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டாள். புடவை வாங்குவதற்கும் போன் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கால் மணி நேரம் விளக்கினேன். பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. மனைவி என் முதுகுக்குப் பின்னாலிருந்து என் நம்பரைப் பத்து இலக்கமும் உரக்கச் சொன்னாள். இரண்டாம் முறையும் சொன்னாள். கடை முழுவதும் கேட்டது.

இந்த விஷயத்தில் நண்பரின் கட்சி எளிமையானது. "எங்கிட்ட மறைக்க என்னா சார் இருக்கு? ஆதார் நம்பரா, எழுதிக்க. ரேகையா, பத்து வெரலும் இருக்குது, பத்தலன்னா செருப்பைக் கழட்டறேன்."

அந்த வருடம் ஆனி மாதம் அவர் தம்பி மகள் கல்யாணம். குடும்பத்தோடு மூன்று நாள் சேத்தியாத்தோப்பு போனார். போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். "எவனோ பென்டிரைவ்ல பாட்டு குடுத்தான் சார், அதுலேர்ந்து கம்ப்யூட்டர் ஆமையாட்டம் நகருது. நான் வர்றதுக்குள்ள அந்த வைரஸை மட்டும் எடுத்து வுட்டுடுங்க."

'மட்டும்' என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வைரஸை எடுக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் சட்டைப் பையில் லினக்ஸ் இருந்த பென்டிரைவ் இருந்தது. அது எப்போதும் இருக்கும். சிலர் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பதைப் போல. ஒருவனை நல்ல வழிக்குக் கொண்டுவர இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி கிடைக்காது என்று தோன்றியது. விண்டோஸை அழித்து லினக்ஸைப் போடுவது என்று முடிவு செய்தேன். அழிப்பதற்கு முன் அவருடைய கோப்புகளை நகல் எடுக்க வேண்டும். எடுத்தேன். அப்போது 'தனி' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது.

அவருக்குத் தமிழில் டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று அவர் சொன்னதே இல்லை. உள்ளே இருபதுக்கு மேல் கடிதங்கள். எல்லாம் 'மாண்புமிகு பிரதமர் அவர்களுக்கு' என்று தொடங்கின. எதுவும் அனுப்பப்படவில்லை. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியாகத்தான் வந்திருந்தது. மேலும் இரண்டைத் திறந்தேன்.

முதல் கடிதம் இது. ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது:

'ஐயா, வணக்கம். தாங்கள் நோட்டை மாற்றச் சொன்னபோது அது நாட்டுக்கு நல்லது என்று டீக்கடையில் பேசினேன். இன்றும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் பேங்க் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றதில் என் இடது முட்டி வீங்கிவிட்டது. இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. என் எதிர்க்கட்சி இன்ஜினியர் கேட்டால் சிரிப்பார். ஆகவே தங்களிடம் சொல்கிறேன். முட்டி இப்போது பரவாயில்லை.'

இரண்டாவதில், தங்கள் உரை டிவியில் வரும்போது மனைவி சீரியலுக்கு மாற்றிவிடுகிறாள், உரையை அரை மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டால் குடும்பத்தில் அமைதி நிலவும் என்று ஒரு கோரிக்கை. மூன்றாவதில் வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றி எழுதியிருந்தார். மகன் தினமும் வாட்ஸப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறான், பேசுவதில்லை. 'தங்களுக்கும் நாடு முழுவதிலிருந்தும் காலை வணக்கம் வரும், பதில் போட நேரமிருக்காது. அதனால் இதை அனுப்பப்போவதில்லை.'

எதிர்க்கட்சி இன்ஜினியர் சிரித்தேன். தனியாக, அவர் வீட்டில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து.

கல்யாணம் முடிந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்ட நண்பர் திரையை உற்றுப் பார்த்தார். "வைரஸ் போயிடுச்சா?"

"வைரஸ் இனிமே வரவே வராது."

"அதோட சேர்ந்து என் கம்ப்யூட்டரும் போயிடுச்சு போல இருக்குதே சார்." அவ்வளவுதான் சொன்னார். பாட்டுகள் எங்கே, கடிதங்கள் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். 'தனி' இருந்த இடத்தைக் காட்டும்போது என் விரல் கொஞ்சம் தயங்கியது. அவர் கவனிக்கவில்லை.

ஆடி மாதம் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையா இல்லையா என்று டெல்லியில் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெஞ்சிலும் நடந்தது. நான் வக்கீலைப் போல எழுந்து நின்று பேசினேன். நண்பர் உட்கார்ந்தபடியே என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்.

"இவரு பாஸ்வேர்டு இருவத்தி நாலு எழுத்து. கேட்டுக்குங்க. அவருக்கே ஞாபகம் இருக்காது. அதனால வூட்டுக் காலண்டர்ல எழுதி வெச்சிருக்காரு. பால்காரன்லேர்ந்து எல்லாரும் பாக்கறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சுரங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார். பாய் பாய்லருக்குப் பின்னால் தோள் குலுங்கத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சூடேறியது.

"அப்ப உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"முட்டி வீங்கினதை ஏன் சார் எங்ககிட்ட சொல்லல? பிரதமருக்கு மட்டும்தான் சொல்வீங்களா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்று மணி நேர வரிசை, வீட்டில் சீரியல், உரையை அரை மணி முன்னால் வைக்கும் கோரிக்கை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மகனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது என் நல்ல குணம் என்று அப்போது நினைத்தேன். "பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் அந்தரங்கம்!" என்று முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. 

நண்பர் பாதி குடித்த டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "எதுக்குப் பெர்மிட் குடுத்தேன்?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"எதுக்குக் குடுத்தேன், இன்ஜினியர் சார்?"

"வைரஸுக்கு."

"வைரஸுக்கு மட்டும்."

எழுந்து போனார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். தினமும் அவரோடு நடந்து வீட்டுக்குப் போகிறவன், அன்றுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

"வாதத்துல நீங்கதான் சார் ஜெயிச்சீங்க" என்றார் சர்வேயர், சட்டையைத் துடைத்துக்கொண்டே. அவர் யாரையும் திட்டிப் பழக்கமில்லாதவர். அதைவிட மோசமாக அவரால் திட்ட முடியாது.

அடுத்த நாள் நண்பர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் தனியாக டீ குடிக்கிறார் என்று பாய் கேள்விப்பட்டார். "அந்தக் கடை டீயா? அதைக் குடிச்சிட்டு மனுசன் கோபமாத்தான் இருப்பாரு. உங்க மேல கோபம் ஆறணும்னா முதல்ல அவரு அதை நிறுத்தணும்" என்றார்.

நான் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். "அவரு இல்லீங்க" என்றார். உள்ளேயிருந்து, "இல்லன்னு சொல்லிட்டியா?" என்று நண்பரின் குரல் கேட்டது. "சொல்லிட்டேன்" என்றார் அவர். பலாப்பழத்தை வாங்கிக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி அவரே சொன்னார்: "முன்னெல்லாம் காலையில கம்ப்யூட்டர்ல குந்திக்கினு டொக்கு டொக்குன்னு எதையாவது அடிச்சிக்கினு இருப்பாரு. சாயங்காலம் டீக்கடை. இப்ப ரெண்டும் கெடையாது. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிட்டாரு. நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துக்கினு இருக்காரு. நான் என்னா டிவியா? எப்படியாவது கூட்டிக்கினு போயிடுங்க."

அதுதான் என்னைத் தைத்தது. பெஞ்சுக்கு வராதது என்மேல் கோபம். எழுதாமல் போனது வேறு. அந்த மனிதருக்கு முட்டி வலியைச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார், அவரும் டெல்லியில் இருந்தார், அவருக்கும் அது தெரியாது. அந்த ஒரு வழியையும் நான் அடைத்துவிட்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வீட்டில் இல்லாதவராகவே இருந்தார். என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவரால் ஒதுக்கவே முடியாத ஒரு பொருள் ஞாபகம் வந்தது. வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பழைய படிவம் ஒவ்வொரு கட்டமாக நினைவில் இருந்தது. கார்பன் தாள் வைத்து மூன்று நகல் எழுதினேன்.

'உபகரணம்: மடிக்கணினி ஒன்று, என்னுடையது. வேலை: எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்தல், விரும்பினால் உரக்கப் படித்தல். பூட்டி வைக்கப்பட்டவை: எதுவுமில்லை. எச்சரிக்கை: உரிமையாளருக்கு இரத்த அழுத்தம் உண்டு.'

கொடுப்பவர் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வாங்குபவர் இடத்தில் அவர் போட வேண்டும். முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தாள் என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் போனது.

அவர் வீட்டு கேட்டில் நின்று நீட்டினேன். அன்று அவர் வெளியே வந்துவிட்டார். பெர்மிட்டோடு நிற்கிறவனை வாசலில் காக்க வைக்க அவரால் முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேலை முடியற டைம் எழுதல. செல்லாது."

நான் ஓடினேன். அறுபத்தாறு வயதில் மூன்று வீடு தள்ளி ஓடிப்போய், மறுபடி மூன்று நகல் எழுதிக்கொண்டு வந்தேன். மறுநாள் நாலரை முதல் ஆறரை வரை, இடம் டீக்கடை. இந்தமுறை கையெழுத்துப் போட்டார். 

மறுநாள் பெஞ்சு நிறைந்திருந்தது. என் ஒரு கையில் மடிக்கணினி, இன்னொரு கக்கத்தில் வீட்டுத் தினசரி காலண்டர். பாஸ்வேர்டு அதில்தானே இருந்தது. நண்பர் பெர்மிட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேமராவில் இருந்த பொட்டைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

"என்னா சார் இது, ரெண்டு லைன் வருது?"

"எதுல ஓட்டணும்னு கேக்குது. மேல இருக்கறது லினக்ஸ்."

"கீழ?"

நான் டீயைக் குடித்தேன்.

"கீழ இருக்கறது என்னா சார்?"

"விண்டோஸ்."

பெஞ்சில் ஒரு சத்தம் எழுந்தது. கிரிக்கெட்டில் நம் ஆள் அவுட்டானால் எழுகிற சத்தம். ஆறு வருடமாக இவர்கள் எல்லோரையும் விண்டோஸை விட்டு வெளியேறச் சொன்னவன் நான். சர்வேயரின் கம்ப்யூட்டரில் நான் லினக்ஸ் போட்டதிலிருந்து அவர் கம்ப்யூட்டரைத் தொடுவதையே விட்டிருந்தார்.

"பிரிண்டர் அதுலதான் ஓடும்" என்றேன்.

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"இன்னிக்குக் காலைல."

"என்னா பிரிண்ட் எடுத்தீங்க?"

"பிரிண்ட் எடுக்கல."

நண்பர் அவசரப்படவில்லை. ஷிப்டில் மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பதைப் போல ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டு போனார். சீட்டாட்டம் இருந்தது. அதில் என் வெற்றிகளின் கணக்கு இருந்தது. நான் எவ்வளவு நேரம் அதில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் இருந்தது. அதையும் படித்தார். பிறகு நின்றார்.

"இது ஜாதகம் பாக்கற சாஃப்ட்வேர் இல்ல?"

கோயில் வாசலில் நின்றுகொண்டு மனைவியை மட்டும் உள்ளே அனுப்புகிறவன் நான். பகுத்தறிவு என் நாலாவது மதம்.

"அது லினக்ஸ்ல ஓடாது" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

உள்ளே டெல்லியில் ஆள்பவர்களின் ஜாதகங்கள் பதினெட்டு இருந்தன. அவர்கள் பதவியேற்ற நேரத்துக்கு ஒன்று, தனியாக. ஒவ்வொன்றுக்கும் கீழே 'சனிப்பெயர்ச்சிக்குப் பின் சிக்கல்', 'ஏழரை எப்போது?' என்று என் குறிப்புகள்.

"ஆட்சி எப்ப கவுறும்னு சனீஸ்வரன்கிட்ட மனு போட்டிருக்காரு!" என்றார் சர்வேயர். இந்தமுறை டீயைப் பக்கத்திலிருந்தவர் மேல் சிந்தினார்.

நண்பர் சிரிக்கவில்லை. இன்னொரு கோப்பைத் திறந்தார். அது எனக்கு மறந்தே போயிருந்தது. பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது.

அவர் வாய்விட்டுப் படித்தார். "திருமணப் பொருத்தம். பெண் நட்சத்திரம் அனுஷம். ஆண் நட்சத்திரம் பூரம்." கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அனுஷம் நானு."

"பூரம் நான்" என்றேன்.

அவர் பெஞ்சுக்கு வராத இரண்டாவது வாரத்தில், எங்களுக்குள் இனி ஒத்துப்போகுமா என்று பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன். நண்பர்களுக்குப் பொருத்தம் பார்க்க அந்த சாஃப்ட்வேரில் வழி இல்லை. ஒருவரைப் பெண்ணாகப் போட வேண்டியிருந்தது. ஒரு நேர்மைக்காக முதலில் என்னைத்தான் பெண்ணாகப் போட்டுப் பார்த்தேன். அதில் ஐந்துதான் வந்தது.

"பத்துக்கு ஏழு பொருத்தம்" என்று படித்தார் நண்பர்.

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "ஏழு இருக்குதா? அப்புறம் என்ன சார், தாராளமா முடிச்சிடலாம்."

பெஞ்சே ஆடியது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நண்பரின் மூக்கு மட்டும் கொஞ்சம் விடைத்தது. சிரிப்பை அடக்கும்போது அவருக்கு அப்படி ஆகும். உடனே அதைச் சரி செய்துகொண்டார்.

"என் நட்சத்திரம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லையே."

இதற்கு ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. சொல்லவில்லை. "உங்க கம்ப்யூட்டர்லதான் பாத்தேன். கடிதம் மட்டும் இல்ல. உங்க ஜாதகமும் ஸ்கேன் பண்ணி இருந்துச்சு. அதையும் பாத்தேன். பெர்மிட்ல இல்லாத வேலை. முழுசும் என் தப்பு."

 ஆறரை மணிக்கு அவர் நகரியத்தின் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டிக்கொண்டார், ஷிப்ட் முடியும் சங்கு ஊதப்போகிறது என்பதைப் போல. பிறகு மடிக்கணினியை மூடினார். பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்னட்டையை எடுத்தார். அதில் சிவப்பு மையால் எழுதி, துளை போட்டு, நூலும் கோத்துக் கொண்டுவந்திருந்தார். 'ஆட்கள் வேலையில், இயக்காதே.' அதை மடிக்கணினியின் மூடியில் கட்டினார்.

"டைம் முடிஞ்சிடுச்சே. பெர்மிட்டைத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

"வேலை முடியல. பாக்கி இருக்குது." பெர்மிட் இருந்த பையைத் தட்டிவிட்டுப் போனார். பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போனார்.

நான் பொட்டும் கயிறுமாக இருந்த மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி நடந்ததையெல்லாம் கேட்டாள். "பொருத்தம் பாத்தாச்சு, கயிறும் கட்டியாச்சு. சாப்பாடு எத்தனை பேருக்குப் போடணும்?" என்றாள்.

யாராவது கேட்கலாம்: உன் கம்ப்யூட்டர்தானே, அட்டையை அவிழ்த்துவிட்டு ஓட்டவேண்டியதுதானே? என்னால் முடியாது. பெர்மிட் இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை. முப்பத்தைந்து வருடம் என்னை உயிரோடு வைத்திருந்த விதி அது. ஒருமுறை மீறியதில் என்ன ஆயிற்று என்றும் பார்த்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. நண்பர் வாசலில் நின்றார். "எக்ஸ்டென்ஷன்" என்று தாளை நீட்டினார். நீட்டிப்புக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்து, அட்டையை அவிழ்த்து, விண்டோஸில் அரை மணி நேரம் சீட்டாடினார். மறுபடி அட்டையைக் கட்டிவிட்டு, "டூட்டிக்கு வரீங்களா?" என்றார். சேர்ந்து டீக்கடைக்கு நடந்தோம். பாய் ஒன்றும் கேட்காமல் அவருக்குச் சர்க்கரை இல்லாத டீயை வைத்தார். அன்று டெல்லியைப் பற்றி அவர் சொன்ன எல்லாமே தப்பு. நான் அப்படியே சொன்னேன். ஆதாரைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் நாங்கள் இருவரும் அவரவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டோம்.

இது இரண்டு வருடமாக நடக்கிறது. நீட்டிப்புக் கட்டம் நிரம்பி, பின்பக்கம் நிரம்பி, இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று பெர்மிட்டோடு பின் அடித்து இருக்கிறது. நடுவில் ஒரு பாராளுமன்றத் தேர்தல்கூட வந்து போய்விட்டது. சனீஸ்வரன் என் மனுவைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் நான் போனுக்கு மாற வேண்டியிருந்தது. இப்போது வாட்ஸப்பில் மூன்று குடும்ப குரூப்பில் இருக்கிறேன். காலையில் ரோஜாப்பூ வருகிறது. இதைக்கூடப் பேனாவால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது மாதமோ என்னவோ, ஒருநாள் சமையலறையில் இருந்தபோது முன்னறையிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது. சீட்டாட்டத்தில் அவ்வளவு தட்ட வேண்டியதில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் அங்கேயே நின்றோம். காய்ந்த எண்ணெயில் கடுகு கருகிவிட்டது.

அன்றிலிருந்து அவர் எழுதுகிறார். தன் வீட்டில் அல்ல, என் கம்ப்யூட்டரில். யாருக்கு எழுதுகிறார், என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் முட்டி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவரையே கேட்கிறேன். "பரவாயில்ல" என்கிறார். சில நாள் "வலிக்குது" என்கிறார்.

போன வாரம் அவருக்கு டீ கொண்டுபோய் வைக்கும்போது திரை திறந்திருந்தது. மூலையில் 'தனி' என்று ஒரு ஃபோல்டர். பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. பக்கத்தில் எத்தனை கோப்புகள் என்று எண் காட்டியது. நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. ஆனால் கண் பார்த்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைவரை போனேன். இருப்புக் கொள்ளவில்லை. திரும்பி வந்தேன்.

"ஒண்ணு சொல்லணும். உங்க ஃபோல்டர்ல எத்தனை இருக்குன்னு பாத்துட்டேன்."

நண்பர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எத்தனை?"

"முப்பத்தி ரெண்டு."

"தொறந்தீங்களா?"

"இல்ல. நம்பர் மட்டும்."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய பெர்மிட்டை எடுத்து மடிப்புப் பிரித்தார். மடிப்புகளில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. எச்சரிக்கைக் கட்டத்தில், உரிமையாளருக்கு இரத்த அழுத்தம் உண்டு என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே மெதுவாக ஒரு வரி சேர்த்தார்: 'உரிமையாளர் டீ கொண்டுவரும்போது இருமிக்கொண்டு வரவும்.'

பேனாவை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.